அண்ணே என்று கூப்பிட்ட மகள்

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரிலுள்ள உயரமான கட்டடங்களில் பாதியில் ஏறி இறங்கும் பெட்டிகள் எல்லாம் அவர் கைபட்டவை. ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பினால் அறுபத்திரண்டு படி ஏறித்தான் மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும். அறுபத்திரண்டு என்பது அவரே எண்ணியது. அதில் நாற்பத்து நான்காவது படி மட்டும் மற்றவற்றைவிட அரை விரல் உயரம் கூடுதல். ஏன் என்று கட்டட உரிமையாளரிடம் போய்க் கேட்டார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு விஷயம் இருப்பதே அன்றுதான் தெரியும்.

ஆள் அப்படி. எதைப் பார்த்தாலும் அது ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மண்டை குடையும். டாக்டரிடம் போனால் தன் நோயை விட்டுவிட்டு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பற்றி விசாரிப்பார். கல்யாணம் நடந்ததே இந்தக் குணத்தால்தான். ஒரு ஆஸ்பத்திரியில் பழுது பார்த்த லிஃப்டைச் சோதித்தபோது அது இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அவரும், காலி ஸ்ட்ரெச்சரோடு ஒரு நர்ஸும். வேறு யாராக இருந்தாலும் அந்த இருபது நிமிடமும் வியர்த்துக் கொட்டியிருப்பார்கள். இவர், ஸ்ட்ரெச்சரில் தொங்கிய டிரிப்ஸ் குழாயைக் காட்டி, சொட்டு எண்ணிக்கையை எப்படிக் கூட்டுவீர்கள், குறைப்பீர்கள், குழாய்க்குள் காற்று போனால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸ் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவு திறந்தபோது இரண்டு பேருமே சட்டென்று வெளியே வரவில்லை.

அவர்களுக்குப் பிறந்த பெண்தான் மிளகு. பிறக்கும்போது உள்ளங்கை அளவுதான் இருந்தாள், ஆனால் அழுத அழுகையில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. அன்று அந்த வார்டு நர்ஸ் ஒருத்தி வைத்த பெயர் அது. பள்ளிக்கும் பத்திரத்துக்குமான பெயர் தனியே இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

மிளகுக்குப் பதினோரு மாதமானபோது மனைவிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் ஒரு வாரம் உட்கார்ந்து பேசி, அழுது, மறுபடி பேசி, கடைசியில் அவள் போனாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கீழ்த்தளத்துத் தையல்காரி ஒத்துக்கொண்டாள். அவளுடைய கடையில் நான்கு மெஷின்கள், அவளையும் சேர்த்து நான்கு பெண்கள். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் பழைய போர்வை விரித்து, கத்தரிக்கோல்களை எல்லாம் ஆணியில் உயரமாக மாட்டிவிட்டு, மிளகை அங்கே குடிவைத்தார்கள். சாயங்காலம் மெக்கானிக் வந்து தூக்கிப் போவார்.

பதினேழு மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் மனைவி ஃபோனில் மூச்சு வாங்கச் சொன்னாள்:

"பெர்மிட் வந்துடுச்சுங்க. உங்க ரெண்டு பேருக்கும். நாலு மாசத்துக்குள்ள வந்துடணும். உங்க பாஸ்போர்ட் பீரோல இருக்கு, அது போதும். பாப்பாவுக்கு உடனே எடுங்க."

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் காலையிலேயே படிவம் வாங்கி வந்து, தையல் கடையின் மேஜைமேல் விரித்தார். மனைவியின் சம்மதக் கடிதம் தூதரக முத்திரையோடு தபாலில் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்றாள். அதற்குள் படிவத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

ஆனால் அவரைப் போன்ற ஆளிடம் நான்கு பக்கப் படிவம் சிக்கினால் அது லேசில் முடியுமா? ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"தொழில்னு ஒரு கட்டம் இருக்கும்மா. ரெண்டரை வயசுப் புள்ளைக்கு என்ன எழுதுறது?"

"நூல்கண்டு கலைக்கிறதுன்னு எழுதுங்கண்ணே," என்றாள் தையல்காரி, ஊசியை வாயிலிருந்து எடுக்காமல். "காலையில இருந்து அந்த வேலைதான் நடக்குது."

"விண்ணப்பதாரர் இதுக்கு முன்னாடி எந்த நீதிமன்றத்துலயாவது தண்டிக்கப்பட்டிருக்காரான்னு கேட்டிருக்காங்க."

நான்கு மெஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன. எல்லோரும் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்கள். விண்ணப்பதாரர் ஒரு பட்டனை நக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த கட்டம்தான் அவரை மூன்று நாள் பிடித்து வைத்தது. 'கண்ணுக்குத் தெரியும் அடையாளம்.' பிறந்ததிலிருந்து குளிப்பாட்டி, துடைத்து, உடை மாற்றிய பிள்ளைதான். ஆனால் இவளுக்கு என்ன அடையாளம் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்பது அவருக்கே வியப்பாக இருந்தது. ஜன்னலோர வெளிச்சத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு அங்குலமாகத் தேடினார். இடது முழங்கால் தழும்பு போன வாரத்தியது, ஆறிவிடும். நெற்றியில் ஒரு கோடு, கழுவினால் போய்விட்டது. மூன்றாம் நாள் இடது காது மடலுக்குப் பின்னால் கடுகளவு மச்சம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆனால் காதுக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும் அடையாளமா? யாருடைய கண்ணுக்கு? அதைக் கேட்க வெளிநாட்டுக்கு ஃபோன் போட்டார்.

"அது பிறந்தன்னைக்கே நான் பாத்தேனே," என்றாள் மனைவி. "உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

கையெழுத்துக் கட்டத்தில் குழந்தையின் பெருவிரல் ரேகையை வைக்க வேண்டும். மிளகு ஓயாமல் சப்பும் விரல் அது. ரேகைக்குப் பதில் ஊதா நிறத்தில் ஒரு சொதசொத வட்டம்தான் விழுந்தது. இரண்டு படிவம் பாழானது. பிறகு தையல்காரியின் யோசனைப்படி, அவள் தூங்கும்போது விரலை வாயிலிருந்து மெல்ல எடுத்து, துடைத்து, கால் மணி நேரம் காற்றாட விட்டு, அப்புறம் வைத்தார்கள். கோடுகள் தெளிவாக விழுந்தன. மெக்கானிக் பூதக்கண்ணாடி வைத்து அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை சின்ன விரலில் இத்தனை வளைவா என்று அவருக்குப் பிரமிப்பு.

ஃபோட்டோ எடுப்பது அதைவிடப் பெரும்பாடு. கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், நேரே பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது, வேறு யாருடைய கையும் தெரியக் கூடாது. ஸ்டூடியோக்காரர் கிலுகிலுப்பை ஆட்டினார், மிளகு பல்லைக் காட்டினாள். அவர் அதட்டினார், உதடு பிதுங்கியது. அரை மணி நேரம் கழித்து மெக்கானிக்குப் பொறி தட்டியது. கேமராவுக்குப் பின்னால் போய் நின்று, வாயால் 'டிங்' என்றார். லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கட்டடங்களுக்குப் போய்ப் பழகிய பிள்ளை அல்லவா? மிளகு உடனே நிமிர்ந்தாள், வாயை மூடினாள், கதவு திறக்கப் போகிறது என்பதுபோல நேரே பார்த்துக் காத்திருந்தாள். ஸ்டூடியோக்காரர் படக்கென்று பொத்தானை அழுத்தினார்.

சம்மதக் கடிதமும் வந்து சேர்ந்தது. எல்லாக் காகிதங்களையும் ஒழுங்காக அடுக்கி, நேரம் குறித்துக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை தகப்பனும் மகளும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனார்கள்.

மூன்றாம் கவுண்டரில் இருந்தவர் இளைஞர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தணிந்த குரல். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், வழக்கமாகக் கேட்பதுதான், கண்ணாடித் தடுப்பு வழியாக மிளகைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்:

"பாப்பா, உன்னைத் தூக்கிட்டு நிக்கிறாரே, இவர் யாரு?"

"அண்ணே," என்றாள் மிளகு.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தையல் கடையில் நான்கு பேருக்கும் அவர் அண்ணே. கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆறு பேருக்கும் அண்ணே. பேச்சு வந்த நாளிலிருந்து மிளகு அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவருக்கும் அது காதில் உறுத்தியதே இல்லை. அதிகாரிக்கு மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"அப்போ அப்பா எங்கே?"

மிளகு யோசித்தாள். அவளிடம் ஒரு படப் புத்தகம் இருந்தது. அதில் அப்பா கரடி, அம்மா கரடி, குட்டிக் கரடி. அவளுக்குத் தெரிந்த அப்பா அதுதான்.

"அப்பா காட்டுல இருக்கு."

"அம்மா?"

"அம்மாவும் காட்டுல. தேன் சாப்பிடுது."

அதிகாரியின் முகத்தில் சிரிப்பு இப்போது சுத்தமாக இல்லை. கோப்பைப் புரட்டி, அம்மாவின் பாஸ்போர்ட் நகலை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.

"இது யாருன்னு சொல்லு?"

மிளகுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தினமும் சாயங்காலம் தையல்காரியின் ஃபோனில் வரும் முகம் ஆயிற்றே! 'அண்ணி, இங்க பாருங்க, என்ன பண்றான்னு' என்று தையல்காரி திருப்பிக் காட்டும் முகம்.

"அண்ணி!"

மெக்கானிக் கண்ணாடித் தடுப்புப் பக்கம் குனிந்தார்.

"சார், அது வந்து, என்னை எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க."

"எல்லாரும் கூப்பிடலாம் சார். மகளுமா?"

"அவ கேட்டுப் பழகிட்டா சார். கீழ்வீட்டுத் தங்கச்சி என்னை அண்ணேன்னு சொல்லும். தங்கச்சின்னா சொந்தத் தங்கச்சி இல்ல, தையல்காரங்க. அவங்க என் வீட்டுக்காரியை அண்ணின்னு..."

சொல்லச் சொல்ல நூல் இன்னும் சிக்கலாகிக்கொண்டே போனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது அவர் கண்ணில் பட்டது.

அதிகாரி குரலை உயர்த்தவில்லை. "நான் உங்களைத் தப்பா நினைக்கல சார். ஆனா அம்மா வெளிநாட்டுல இருக்காங்க. ஒரு ஆம்பளை தனியா குழந்தையைக் கூட்டிட்டு வர்றார். குழந்தை அவரை அப்பான்னு சொல்லல. இதை நான் எழுதாம விட்டா நான் இந்த நாற்காலில உக்காரக் கூடாது." கோப்பின்மேல் ஒரு முத்திரை குத்தினார். நேரடி விசாரணைக்கு. "வீட்டுக்கு வருவாங்க. எப்போன்னு சொல்ல மாட்டாங்க."

அன்று சாயங்காலம் ஃபோனில் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். காட்டில் தேன் சாப்பிடும் இடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்:

"என்னை அண்ணின்னா சொன்னா?"

"ம்."

"சிரிக்க வேண்டிய விஷயம்தாங்க. கொஞ்சம் கழிச்சுச் சிரிக்கிறேன்."

மெக்கானிக்கு அதிகாரிமேல் கோபம் வரவில்லை. அதுதான் அவருக்கே வேடிக்கையாக இருந்தது. லிஃப்ட் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே அதைப் பற்றியே யோசித்தார். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு அந்நியர் பார்த்து, ஆமாம், இந்த ஆள்தான் இந்தப் பிள்ளையின் அப்பா என்று எதை வைத்துச் சொல்வார்? அவருடைய தொழிலில், எட்டுப் பேரைத் தாங்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் யாரும் நம்பிவிட மாட்டார்கள். எடைக்கற்களை ஏற்றி, ஓட்டிப் பார்ப்பார்கள். அப்பனுக்கு எதை ஏற்றிப் பார்ப்பது?

தையல்காரியோ வேறு வழியில் இறங்கினாள். "பேச்சைத் திருத்திட்டா முடிஞ்சுது," என்று தீர்ப்பு சொல்லி, அன்று முதல் கடையில் எல்லோரும் அவரை அப்பா என்றே கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டாள். நான்கு பேரில் மூத்தவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. மெக்கானிக்கைவிடப் பதினாறு வயது பெரியவள். அவளும் வாய் கூசாமல், "வாங்கப்பா, சாப்பிட்டீங்களாப்பா," என்றாள். ரவிக்கை அளவு கொடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர், மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவுக்கு என்னா வயசு?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு வார முடிவில் மிளகு அவரை "அண்ணேப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அது முன்னைவிட மோசமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரி வந்துவிட்டார். நடுவயதுப் பெண்மணி. தோளில் கனமான பை, காலில் நடந்து தேய்ந்த செருப்பு. நேரே தையல் கடைக்குள் வந்து உட்கார்ந்து, அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். தையல்காரி பதறிப்போய் ஃபோன் செய்தபோது மெக்கானிக் ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கிரீஸோடு அப்படியே ஓடி வந்தார்.

வாசலில் அவரைக் கண்டதும் மேஜைக்கு அடியிலிருந்து மிளகு பாய்ந்து வந்தாள். "அண்ணே! அண்ணே! பல்லி!" அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், சுவர் மூலையில் வாலில்லாத பல்லி ஒன்றைக் காட்டினாள். அதிகாரி இருப்பதையே ஒரு கணம் மறந்து அவரும் குனிந்தார். "வால் எங்க போச்சு?" என்று இரண்டு பேரும் தேட ஆரம்பித்தார்கள்.

நிலைமையைச் சமாளிக்க நினைத்த ஐம்பத்திரண்டு வயதுக்காரி, "பாப்பா, அப்பா வந்தாச்சு பாரு! வாங்கப்பா!" என்றாள் சத்தமாக.

அதிகாரி மெல்லத் திரும்பினார். "உங்களுக்கு இவர் என்ன வேணும்?"

"அப்பா வேணும்... இல்லைங்க, அண்ணன்... அதாவது தம்பிங்க," என்று உளறி, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி எதையோ எழுதினார். பிறகு வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அறுபத்திரண்டு படி ஏறி முடித்தபோது அவருக்கு மூச்சு முட்டியது. நாற்காலியில் சரிந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்:

"என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக் மேடம்."

அதிகாரி வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஒரே அறை, ஒரு சமையலறை. கட்டில் ஓரத்தில் உருண்டு விழாமல் இருக்க மரச்சட்டம். மின்பிளக் ஓட்டைகள் எல்லாம் அடைக்கப்பட்டிருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஃபிரிட்ஜ் மேலிருந்த ஒரு தடித்த நோட்டைக் கையில் எடுத்தார். அட்டையில் 'பராமரிப்புப் பதிவேடு' என்று அச்சடித்திருந்தது.

"இது உங்க கம்பெனியோடதா?"

மெக்கானிக் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "பழைய நோட்டு மேடம். மீந்ததை எடுத்துட்டு வந்தேன். அவ அம்மா தினம் ஃபோன்ல கேப்பா, பாப்பா என்ன பண்ணினான்னு. நல்லா இருக்கான்னு சொன்னா போதாது அவளுக்கு. எனக்கு மறந்துடும். அதான் எழுதி வச்சுக்கறது."

தேதி, புகார், காரணம், செய்த வேலை, கையொப்பம் என்று ஐந்து பத்திகள். லிஃப்டுக்கு உள்ளதுதான். அதிகாரி ஒரு பக்கத்தைத் திறந்து படித்தார்.

'புகார்: காலை ஆறு முதல் தொடர் அழுகை. காரணம்: இடது சாக்ஸுக்குள் பட்டன். செய்த வேலை: பட்டன் நீக்கப்பட்டது. இயல்பு நிலை.'

'புகார்: குளிக்க மறுப்பு. காரணம்: தண்ணீர் போகும் ஓட்டை வழியே தானும் போய்விடுவோம் என்ற பயம். செய்த வேலை: செருப்பு, வாளி, என் கால் மூன்றையும் ஓட்டைமேல் வைத்து எதுவும் உள்ளே போகாது என்று காட்டப்பட்டது. திருப்தி. இருந்தாலும் கண்காணிக்கவும்.'

'புகார்: காய்ச்சல், நூற்றிரண்டு. காரணம்: தெரியவில்லை. செய்த வேலை: டாக்டர், மருந்து, ஈரத்துணி. கட்டிலில் படுக்க மறுத்ததால் என் நெஞ்சின்மேல் படுக்க வைக்கப்பட்டது. காலை ஐந்து நாற்பதுக்கு இறங்கியது.' அதற்கு எதிரே இருந்த கையொப்பம் கோணல்மாணலாக, படுத்தபடியே போட்டதைப் போல இருந்தது.

அதிகாரி உட்கார்ந்துவிட்டார். பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். இரண்டு இடத்தில் அவர் தோள் குலுங்கியது. ஒரு பக்கத்தில் மட்டும் வெகுநேரம் நின்றார். அதில் தேதி இருந்தது. 'புகார்: இன்று ஃபோனில் அம்மா அழுதபோது பாப்பா புரியாமல் சிரித்தாள்' என்று இருந்தது. காரணமும் செய்த வேலையும் எழுதப்படவில்லை. கையொப்பம் மட்டும் இருந்தது.

நோட்டை மூடியபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. மிளகு அதற்குள் அதிகாரியின் பையில் பாதியைத் தரையில் பரப்பியிருந்தாள்.

"பாப்பா, இவர் யாரு?" என்று அதிகாரி சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"அண்ணே."

அதிகாரி தலையாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குப் பயம் ஒரு பக்கம், கேட்டுவிட வேண்டும் என்ற அரிப்பு ஒரு பக்கம். அரிப்புதான் ஜெயித்தது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இப்படி விசாரிக்கப் போனதுல, நிஜமாவே தப்பா இருந்ததுண்டா?"

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "பதினொரு வருஷத்துல ரெண்டு தடவை."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணு சொல்றேன். மூணு வயசுப் பையன். யாருன்னு கேட்டதும் டக்குனு அப்பான்னான். அம்மா படத்தைக் காட்டினேன், டக்குனு அம்மான்னான். ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்ல. நல்லாச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம் அந்த ஆளைக் கேட்டேன், உங்க பையன் எதைப் பாத்தா பயப்படுவான்னு. அவருக்குத் தெரியல."

ஒரு வாரமாகத் தாங்களும் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதானே இருந்தோம் என்று நினைத்தபோது மெக்கானிக்குக் காது மடல் சூடாகியது. மறைக்க மனம் வரவில்லை.

"நாங்களும் பழக்கினோம் மேடம். கீழ கடையில எல்லாரும் என்னை அப்பான்னு..."

"தெரியுது," என்றார் அதிகாரி. "அந்த அம்மா வயசுக்கு உங்களை அப்பான்னு கூப்பிட்டப்பவே தெரிஞ்சுது." முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்: "அண்ணேன்னு கூப்பிடறது உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "கவுண்டர்ல நிக்கிற வரைக்கும் இல்ல. அன்னைக்கு இருந்துச்சு. இப்ப யோசிச்சா, அவ அம்மாவுக்குத்தான் வருத்தம். அவளுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

அதிகாரி நோட்டை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் பழையபடி வைத்தார். மிளகின் கையிலிருந்து தன் சீப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அறுபத்திரண்டு படி இறங்கிப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தடித்த உறையைக் கொடுத்தார். உள்ளே மிளகின் பாஸ்போர்ட். தையல் கடையில் வேலை நின்றது. எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். மெக்கானிக் அதை விளக்குக்கு நேரே பிடித்து, காகிதத்துக்குள் தெரிந்த நிழல் படத்தையும், தையலில் ஓடிய மூவர்ண நூலையும், சாய்த்தால் நிறம் மாறும் எழுத்தையும் ஆராய்ந்தார். இந்த நூல் எந்த ரகம் என்று தையல்காரியிடம் கேட்டார். அவள் நகத்தால் தடவிப் பார்த்து, சாதாரண நூல் இல்லை என்று மட்டும் சொன்னாள். பதினேழு மாதத்துக்கும் மேலாக அவள் காலடியில் வளர்ந்த பிள்ளை. "பாத்ரூம் பக்கம் போயிட்டு வரேன்," என்று எழுந்தவள், வெகுநேரம் வரவில்லை.

போகிற அன்று மிளகுக்கு நான்கு பை வைத்த புது கவுன் ஒன்றைப் போட்டுவிட்டாள். எதற்கு நான்கு என்று மெக்கானிக் கேட்டார். "அவ பொறுக்கிறதுக்கு நாலு பத்துமான்னே தெரியலண்ணே," என்றாள்.

விமானத்தில் மிளகு தூங்கினாள். மெக்கானிக் தூங்கவில்லை. இறக்கையின் மடிப்புகள் எப்போது திறக்கின்றன, எப்போது மூடுகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஏன், எதற்கு என்று கேட்டதற்குப் பக்கத்து இருக்கைக்காரர் முதலில் பதில் சொன்னார், பிறகு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

இறங்கி, வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஷூவைக்கூட மாற்றாமல் வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். ஓடி வந்து வாரி அணைக்கப் போகிறாள் என்று மெக்கானிக் நினைத்தார். ஆனால் நர்ஸ் அல்லவா, குழந்தைகளைத் தெரிந்தவள். நான்கு அடி தள்ளியே முட்டி போட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள்.

மிளகு அவரை விட்டுவிட்டு இரண்டு அடி முன்னால் போனாள். அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். தெரிந்த முகம்தான். ஆனால் இவ்வளவு பெரிதாக, காலோடும் கையோடும் அவள் பார்த்ததில்லை. ஃபோனில் வருகிறவர்களுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. மிளகு மெதுவாக நடந்து அம்மாவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். முதுகைப் பார்த்தாள். பின்னலைத் தொட்டாள், நுனி வரைக்கும் தடவினாள். அம்மா அசையவில்லை, திரும்பவும் இல்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. முழுச்சுற்று சுற்றிவிட்டு மிளகு மறுபடி முன்னால் வந்து நின்றாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்தவள்போல அந்த மடியில் ஏறி உட்கார்ந்து, ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.